டிஸ்கஸ் மீனோடு செடித்தொட்டி: 4 அடித் தொட்டியை அமைக்கும் முறை

கேள்வி: சென்னையில் 4 அடி மீன்தொட்டி ஒன்று வாங்கப்போகிறேன். உயிருள்ள செடிகளோடு 6 டிஸ்கஸ் வைக்க முடியுமா? 2 அங்குலக் குஞ்சுகள் மலிவாகக் கிடைக்கின்றன. வீட்டில் போர் தண்ணீர்தான். சோயில் (செடிகளுக்கென்று விற்கும் சத்துமண்), கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் எல்லாம் கட்டாயமா?

பதில்:

தாராளமாக வைக்கலாம். ஆனால் அந்த 2 அங்குலக் குஞ்சுகளை விட்டுவிடுங்கள். கேள்வியிலேயே அதிகம் செலவு வைக்கப்போகும் இடம் அதுதான் என்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

டிஸ்கஸ் குஞ்சு நாளைக்கு 5, 6 வேளை தின்ன வேண்டும். தினமும் பாதித் தண்ணீராவது மாற வேண்டும். முதல் ஒரு வருடத்தில் குன்றிப்போன மீனுக்குப் பிறகு எவ்வளவு ஊட்டினாலும் அந்த வட்ட வடிவம் வராது. உடல் நீள்வாக்கில் போகும், கண் மட்டும் உடலுக்குப் பொருந்தாமல் பெரிதாகத் தெரியும். மணலும் செடியும் உள்ள தொட்டியில் குஞ்சுக்கு வேண்டிய அளவு தீனி போட்டால் மிச்சம் வேருக்கு அடியில் தங்கி அழுகும். அதற்குப் பயந்து தீனியைக் குறைத்தால் மீன் குன்றும். ஆகவே ஒன்று, மணல் போடாத வெறும் கண்ணாடித் தொட்டியில் 8 முதல் 10 மாதம் வளர்த்துப் பிறகு செடித்தொட்டிக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் நேரடியாக 4.5, 5 அங்குல மீனாக வாங்குங்கள். விலை அதிகம்தான். ஆனால் அத்தனை மாதத் தீனி, தண்ணீர், சாகும் குஞ்சுகள் எல்லாவற்றையும் கணக்குப் பார்த்தால் வித்தியாசம் பெரிதாக இருக்காது.

அடுத்தது வெப்பநிலை. டிஸ்கஸுக்கு 28 முதல் 30 டிகிரி வேண்டும். கடைகளில் விற்கும் செடிகளில் பெரும்பாலானவை 24, 25 டிகிரியில்தான் நன்றாக வளரும். இதில் மீன் விட்டுக்கொடுக்காது. 26 டிகிரியில் மாதக்கணக்கில் வைத்தால் தீனி குறைந்து, ஒட்டுண்ணிகளுக்கு இடம் கொடுக்கும். எனவே வெப்பம் தாங்கும் செடிகளை மட்டும் தேர்ந்தெடுப்பதுதான் வழி. அமேசானில் டிஸ்கஸ் வாழும் இடங்களிலும் மூழ்கிய செடிகள் அடர்ந்திருப்பதில்லை. தண்ணீரில் விழுந்து கிடக்கும் கிளைகளுக்கும் வேர்களுக்கும் இடையில்தான் அவை ஒதுங்குகின்றன. மரக்கட்டை நிறைய, செடி அளவாக, முன்பக்கம் நீந்த வெட்டவெளி என்று திட்டமிடுங்கள்.

தொட்டி 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் இருக்கட்டும். கணக்குப்படி 324 லிட்டர். மணல், கட்டை, மேலே விடும் இடைவெளி போக உள்ளே நிற்பது 270 லிட்டர் அளவு. வளர்ந்த மீன் ஒன்றுக்கு 40 லிட்டர் என்று வைத்தால் 6 மீனுக்கு இது சரியாக வரும். 60 செ.மீ. உயரத்துக்கு 12 மி.மீ. கண்ணாடி போடச் சொல்லுங்கள். கண்ணாடி மட்டுமே 75 கிலோ வரும். தண்ணீர், மணல் எல்லாம் சேர்ந்தால் 400 கிலோ அளவுக்கு வரும், ஸ்டாண்டின் எடை தனி. மாடி வீடாக இருந்தால் அறையின் நடுவில் வைக்காமல், பீம் ஓடும் சுவரை ஒட்டி வையுங்கள். நேர் வெயில் விழும் ஜன்னலும் வேண்டாம், அடிக்கடி திறந்து மூடும் கதவுப் பக்கமும் வேண்டாம். டிஸ்கஸ் சட்டென்று மிரளும் மீன்.

இனி தண்ணீர். பாதிச் சிக்கல் இங்கேதான். முதலில் ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்குங்கள்; தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டுவது அது. சென்னையில் போர் தண்ணீர் தெருவுக்குத் தெரு மாறும். 400-ம் இருக்கும், 1,500-ம் இருக்கும். பண்ணையில் பிறந்த டிஸ்கஸுக்கு டிடிஎஸ் 150 முதல் 250, பிஎச் 6.5 முதல் 7.4 வரை இருந்தால் போதும். பிஎச்சை 6-க்கு இறக்குகிறேன் என்று அமில பாட்டில் வாங்காதீர்கள். கடினமான தண்ணீரில் அமிலத்தை ஊற்றினால் பிஎச் இறங்கி மறுநாள் பழைய இடத்துக்கே ஏறும். அந்த ஏற்ற இறக்கம்தான் மீனைக் கெடுக்கும். நிலையான 7.4 நல்லது, தினமும் ஆடும் 6.5 நல்லதல்ல. ஹெக்கல் போன்ற, ஆற்றில் பிடித்த காட்டு டிஸ்கஸ்கள் வேறு கணக்கு. அவற்றுக்கு உண்மையிலேயே மிக மென்மையான அமில நீர் வேண்டும்.

போர் தண்ணீரை ஆர்ஓ தண்ணீரோடு கலந்து இறக்குவதுதான் எளிய வழி. உதாரணமாக போர் 900, ஆர்ஓ 30, உங்களுக்கு வேண்டியது 180 என்றால் 100 லிட்டருக்கு 17 லிட்டர் போர், 83 லிட்டர் ஆர்ஓ. வெறும் ஆர்ஓவை மட்டும் ஊற்றக்கூடாது. அதில் கேஎச், அதாவது கார்பனேட் கடினத்தன்மை, பூஜ்யம். பிஎச்சைத் தாங்கிப்பிடிக்க எதுவும் இல்லாததால் சில வாரங்களில் திடீரென்று சரியும். பிஎச் 6-க்குக் கீழே போனால் ஃபில்டரில் உள்ள நுண்ணுயிர்களின் வேலை ஏறக்குறைய நின்றுவிடும். கேஎச் 3, 4 இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தால் 270 லிட்டருக்கு 8 கிராம் சமையல் சோடா போட்டால் 1 டிகிரி கேஎச் ஏறும்.

அடுக்குமாடியில் இருந்தால் இன்னொன்றைக் கவனியுங்கள். பல கட்டடங்களில் உப்புப் போடும் சாஃப்ட்னர் வைத்திருப்பார்கள். அது கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தைக் கொடுக்கிறது; சோப்பு நன்றாக நுரைக்கும், டிடிஎஸ் அப்படியேதான் இருக்கும். அந்தத் தண்ணீர் செடிக்கும் ஆகாது, மீனுக்கும் ஆகாது. சாஃப்ட்னருக்கு முந்தைய குழாயிலிருந்து பிடியுங்கள். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளுக்கு இந்த ஆர்ஓ வேலையே இல்லை, குளோரினை நீக்கினால் போதும். சென்னையில் மெட்ரோ தண்ணீர் வந்தால் குளோரினை நீக்கி டிடிஎஸ்ஸையும் பார்த்துக்கொள்ளுங்கள். குளோரினுக்கு ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்பேட், 100 லிட்டருக்கு 1 கிராம். போர் தண்ணீரில் குளோரின் இருக்காது, ஆனால் கரைந்த வாயுக்கள் இருக்கும். 200 லிட்டர் டிரம் ஒன்றில் ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் வைத்திருந்து பிறகு பயன்படுத்துங்கள். மே மாதத்தில் மொட்டைமாடி டேங்க் தண்ணீரை மதியம் பிடித்தால் கொதிக்கும். விடியற்காலையில் பிடித்து வையுங்கள். ஊற்றும் தண்ணீருக்கும் தொட்டித் தண்ணீருக்கும் 2 டிகிரிக்கு மேல் வித்தியாசம் கூடாது.

ஃபில்டர் மணிக்கு 1,200 முதல் 1,500 லிட்டர் தள்ளும் கேனிஸ்டராக (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டர்) இருக்கட்டும். உறிஞ்சும் குழாயின் வாயில் கரடுமுரடான ஸ்பாஞ்ச் ஒன்றை மாட்டி, வாரம் இருமுறை அதை மட்டும் அலசினால் கேனிஸ்டரை 2, 3 மாதத்துக்கு ஒருமுறை திறந்தால் போதும். வெளியேறும் தண்ணீரை நேராக அடிக்க விடாதீர்கள். துளைகள் உள்ள நீளக் குழாயான ஸ்ப்ரே பாரைப் பின்கண்ணாடியைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். தட்டையான உடலோடு நாள் முழுக்க நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும் மீன் சோர்ந்துபோகும். மின்தடை 2, 3 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், நின்றுபோன கேனிஸ்டருக்குள் ஆக்சிஜன் தீர்ந்து தண்ணீர் கெட்டிருக்கும். மின்சாரம் வந்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பி ஓட்டுங்கள். ஏர் பம்பை மட்டும் இன்வெர்ட்டர் லைனில் கொடுத்துவைத்தால் மீன் தப்பிக்கும்.

ஹீட்டர் சென்னையில் எதற்கு என்று கேட்பார்கள். ஏசி ஓடும் அறையில் இரவில் 25-க்கு இறங்கிப் பகலில் 30-க்கு ஏறும் தொட்டியில்தான் வெண்புள்ளி நோய் வரும். ஒரே 300 வாட் ஹீட்டருக்குப் பதில் 150 வாட் இரண்டு போடுங்கள். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு நிற்காமல் ஓடினாலும் ஒரு 150 வாட் ஹீட்டரால் 270 லிட்டரை ஒரே இரவில் வேகவைக்க முடியாது. ஒன்று செத்தாலும் மற்றது தாங்கும். தொட்டியில் கை விடுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்குங்கள். கோடையில் தண்ணீர் தானாகவே 32-ஐத் தொடும். மீன் சில நாள் தாங்கும், ஆனால் தண்ணீர் சூடேற ஏற அதில் நிற்கும் ஆக்சிஜன் குறையும்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மி.கி. நிற்கும் தண்ணீரில் 30 டிகிரியில் 7.5 மி.கி.தான் நிற்கும். அந்த நாட்களில் இரவெல்லாம் ஏர் ஸ்டோன் ஓடட்டும். ஆவியாகிக் குறைந்ததை ஆர்ஓ தண்ணீரால் மட்டும் நிரப்புங்கள்; தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு உள்ளேயே தங்கிவிடும்.

சோயில் வேண்டாம் என்பது என் கருத்து. ஆக்வா சோயில் முதல் சில வாரங்கள் அம்மோனியாவை விடும்; வருடம் ஒன்றிரண்டில் நொறுங்கிச் சேறாகும். டிஸ்கஸ் தரையில் வாயால் ஊதித் தீனி தேடும்போது அந்தத் தூள் கிளம்பும். நன்றாக அலசிய 1 முதல் 2 மி.மீ. ஆற்று மணல் போதும். முன்பக்கம் 2 செ.மீ., பின்பக்கம் 6 செ.மீ. சரிவாகப் போட 35 கிலோ பிடிக்கும். எம்-சாண்ட் கூராக இருக்கும், தூசும் அதிகம். கடல் மணலில் கிளிஞ்சல் கலந்திருக்கும், அது தண்ணீரைக் கடினமாக்கும். வாங்கும் மணலில் ஒரு பிடியில் வினிகரை ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் திருப்பிக் கொடுங்கள். நிறத்திலும் ஒரு சங்கதி உண்டு. பிஜியன் பிளட், ரெட் மெலன் மாதிரி டிஸ்கஸ் வகைகளைக் கருப்பு மணல், கருப்புப் பின்னணியில் வைத்தால் உடம்பில் மிளகுப்பொடி தூவியதுபோல் கரும்புள்ளிகள் எழும். நோய் என்று நினைத்து மருந்து போடுகிறவர்கள் உண்டு. வெளிர் மணலும் வெளிர் பின்னணியும் அவற்றுக்கு நல்லது. கோபால்ட், டர்க்காய்ஸ் வகைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

செடிகளில் பின்வரிசைக்கு அமேசான் ஸ்வார்ட் 3, ஒவ்வொன்றுக்கும் 25 செ.மீ. இடைவெளி. அது அரை மீட்டர் வரை வளரும் என்பதை மறந்து கொத்தாக நட்டால் ஒன்றையொன்று நிழலில் அமுக்கும். ஓரங்களில் வாலிஸ்னேரியா 15, 20 கன்று. நடுவில் கிரிப்டோகரைன் 8, 10. அதில் வெண்டி, பெக்கெட்டி என்ற இரண்டு வகையும் இலங்கை ஓடைகளின் செடிகள், நம் வெப்பத்தில் சளைக்காது. மரக்கட்டையில் அனூபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டையும் நூலால் கட்டிவிடுங்கள். இவற்றின் தடித்த கிடைத்தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். தரையில் கம்பளம்போல் படரும் குட்டிச் செடிகள், மென்மையான மாஸ் வகைகள் பக்கம் போகாதீர்கள். 29 டிகிரியில் அவை ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். நடுவதற்கு முன் எல்லாச் செடியையும் இளஞ்சிவப்பாகத் தெரியும் அளவு பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலில் 10 நிமிடம் போட்டு அலசினால் நத்தையும் பூச்சியும் குறையும்.

நட்ட இரண்டாவது வாரத்தில் கிரிப்டோகரைனின் இலைகள் எல்லாம் கூழாகி விழும். பிடுங்கி எறிந்துவிடாதீர்கள், வேர் உயிரோடுதான் இருக்கும். மூன்று நான்கு வாரத்தில் புது இலை வரும். ஸ்வார்டும் பண்ணையில் தண்ணீருக்கு மேல் வளர்ந்ததாக இருந்தால் பழைய இலைகளை உதிர்த்துவிட்டுத்தான் புதிதாகத் தொடங்கும்.

விளக்கு 4,000 லுமென் தரும் 40 வாட் எல்இடி போதும். முதல் மாதம் 6 மணி நேரம், பிறகு 8 மணி நேரம், டைமரில். அதைவிடப் பிரகாசமாகப் போட்டால் மீன் மூலையில் ஒதுங்கும், பாசி கண்ணாடியைப் பிடிக்கும். மேலே கொஞ்சம் சால்வினியா மிதக்கவிட்டால் ஒளி உடைந்து இறங்கும். அது மேற்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பரவாமல் அள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்தச் செடிகளுக்கு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் தேவையில்லை. ஆசையிருந்தால் ஆறு மாதம் கழித்துப் போடுங்கள், லிட்டருக்கு 20 மி.கி. தாண்டாமல். கேஎச் 4-ல் பிஎச் 6.8 என்றால் வாயு 19 மி.கி.; பிஎச் 6.6-க்கு இறங்கினால் அதுவே 30. வெறும் 0.2 தான் வித்தியாசம். சூடான தண்ணீரில் ஏற்கெனவே ஆக்சிஜன் குறைவு என்பதால் மற்ற மீன்கள் பொறுத்துக்கொள்ளும் அளவை டிஸ்கஸ் பொறுக்காது. சிலிண்டருக்குப் பதில் கார்பன் என்று விற்கும் திரவத்தில் இருப்பது பெரும்பாலும் குளுட்டரால்டிஹைட். அது வாலிஸ்னேரியாவைக் கரைத்துவிடும்.

செடி நட்ட அன்றே ஃபில்டரைச் சைக்கிள் செய்யத் தொடங்கலாம், அதாவது அம்மோனியாவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களை அதில் வளர்க்கலாம். அம்மோனியம் குளோரைடு, அதாவது நவச்சாரம், 270 லிட்டருக்கு 2 கிராம் போட்டால் லிட்டருக்கு 2 மி.கி. அம்மோனியா கிடைக்கும். நாட்டு மருந்துக் கடைச் சரக்கின் தூய்மையை நம்ப முடியாது, ஆய்வகத் தரத்தில் வாங்குங்கள். அம்மோனியா பூஜ்யத்துக்கு வந்ததும் மறுபடி 2 கிராம். போட்ட 24 மணி நேரத்துக்குள் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டினால் ஃபில்டர் தயார். 28 டிகிரியில் பொதுவாக 3 முதல் 5 வாரம் ஆகும். அதன்பின் 70 சதவீதத் தண்ணீரை மாற்றிவிட்டு மீன். மரக்கட்டையை அதற்கு முன்பே ஊறவைத்து மூழ்க வைத்திருக்க வேண்டும். அதிலிருந்து இறங்கும் தேநீர் நிறம் மீனுக்கு நல்லதே. தெருவோரப் பாதாம் மரத்தின் காய்ந்து விழுந்த இலையைக் கழுவிப் போட்டாலும் அதே பலன், 40 லிட்டருக்கு ஓர் இலை.

மீன் வாங்கச் சென்னையின் அலங்கார மீன் சந்தையான கொளத்தூர் போனால் ஆறையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வாங்குங்கள். வெவ்வேறு பண்ணை மீன்களைக் கலக்கும்போது ஒன்றுக்குப் பழகிப்போன கிருமி மற்றதைச் சாய்க்கும். ஆறுக்குக் குறைத்தாலும் சிக்கல்: இரண்டு மூன்று மீன் மட்டும் இருந்தால் பலசாலி மற்றதைத் துரத்தித் துரத்தியே பட்டினி போடும். கடைக்காரரை உங்கள் கண்ணெதிரே தீனி போடச் சொல்லுங்கள்; ஓடிவந்து தின்னாத மீன் வேண்டாம். இரண்டு செவுளும் அசைகிறதா, நெற்றி ஒட்டிப்போயிருக்கிறதா, மலம் வெள்ளை நூலாகத் தொங்குகிறதா என்று பாருங்கள்.

நேராகச் செடித்தொட்டிக்குப் போகக்கூடாது. 100 லிட்டர் வெறும் தொட்டியில், ஏற்கெனவே ஓடிப் பழகிய ஸ்பாஞ்ச் ஃபில்டரோடு 4 வாரம் தனியாக வையுங்கள். தினமும் பாதித் தண்ணீர் மாற்றினால் 6 மீனுக்கு அந்த இடம் தற்காலிகமாகப் போதும். ஒரு செவுளை மூடிக்கொண்டு உடம்பைத் தேய்த்தால் செவுள் புழு: பிராசிகுவாண்டல், லிட்டருக்கு 2 மி.கி. கருத்து, தின்னாமல், வெள்ளை மலம் கழித்தால் குடல் ஒட்டுண்ணி: மெட்ரோனிடசோல் 40 லிட்டருக்கு 250 மி.கி., தினமும் பாதித் தண்ணீரை மாற்றி மாற்றிய அளவுக்கு மருந்தை ஈடுகட்டி 5 நாள். மருந்து எல்லாம் இந்தத் தொட்டியோடு சரி. செடித்தொட்டியில் உப்பையும் ஃபார்மலினையும் கொட்டினால் செடியும் போகும், ஃபில்டரும் போகும்.

கூடவே கார்டினல் டெட்ரா 20, ஸ்டெர்பாய் கோரிடோரஸ் 6 விடலாம்; இரண்டும் இந்த வெப்பத்தைத் தாங்கும். நியான் தாங்காது. ஏஞ்சல் மீன் தீனிக்கு முந்திக்கொள்ளும், ஒட்டுண்ணியும் கொண்டுவரும். சக்கர் மீன் இரவில் டிஸ்கஸின் உடம்பில் ஒட்டிக்கொண்டு வழவழப்பை உறிஞ்சும், புண்ணாக்கும். அதைக் கண்ணாடி சுத்தம் செய்யும் என்று சொல்லித் தலையில் கட்டுவார்கள்; மறுத்துவிடுங்கள்.

வளர்ந்த மீனுக்கு நாளைக்கு 2, 3 வேளை, 5 நிமிடத்தில் தீரும் அளவு. நல்ல குருணைத் தீனி, உறைந்த ரத்தப்புழு, நரம்பும் கொழுப்பும் நீக்கிய மாட்டு இதயத்தையும் இறாலையும் அரைத்து உறையவைத்தது, இவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். சாக்கடையில் அள்ளி வரும் உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழுவைத் தொடவே வேண்டாம். முன்பக்க வெறும் மணலில் ஒரே இடத்தில் போட்டுப் பழக்கினால் அரை மணி நேரம் கழித்து மிச்சத்தைக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிடலாம். தண்ணீர் வாரம் இருமுறை 30 சதவீதம், அதாவது தடவைக்கு 80 லிட்டர். நைட்ரேட் 20 பிபிஎம்முக்கு மேல் ஏறினால் மூன்று முறை.

உரத்தில் பலரும் தவறுவது இங்கே. இவ்வளவு தீனி விழும் தொட்டியில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் தேவைக்கு மேல் இருக்கும். குறைவது பொட்டாசியமும் இரும்பும். வாரம் 6 கிராம் பொட்டாசியம் சல்பேட் போட்டால் லிட்டருக்கு 10 மி.கி. பொட்டாசியம் கிடைக்கும். இரும்புக்கு டிடிபிஏ வகை (இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்துவைக்கும் சேர்மம்) கால் கிராம், லிட்டருக்கு 0.1 மி.கி. வரும், இடிடிஏ வகை இரும்பு பிஎச் 7-ஐ ஒட்டிய தண்ணீரில் சீக்கிரம் பயனற்றுப் போகும். ஸ்வார்ட், கிரிப்டோகரைன் வேரடியில் 3 மாதத்துக்கு ஒருமுறை வேர் மாத்திரை. தோட்டத்து டிஏபியையோ யூரியாவையோ மணலில் புதைக்காதீர்கள், அம்மோனியா கசியும். பழைய இலையில் ஊசித்துளைகள் விழுந்தால் பொட்டாசியம் போதவில்லை. புது இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்பு போதவில்லை.

முதல் மாதத்தில் கண்ணாடியிலும் இலையிலும் பழுப்புத் தூள் படியும். துடைத்துவிடுங்கள், தானாக அடங்கும். மணல்மேல் நாற்றத்தோடு நீலப்பச்சைப் படலம் விரிந்தால் அந்த மூலைக்கு நீரோட்டம் போகவில்லை. உறிஞ்சி எடுத்து, ஸ்ப்ரே பாரின் கோணத்தை மாற்றுங்கள். அனூபியாஸ் இலை ஓரத்தில் கருந்தாடிபோல் பாசி முளைத்தால் அந்த இலையை வெட்டுங்கள், விளக்கை ஒரு மணி நேரம் குறையுங்கள். விடியற்காலையில் மட்டும் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால் செடியும் மீனும் சேர்ந்து இரவில் ஆக்சிஜனைத் தீர்க்கின்றன. ஏர் ஸ்டோனை இரவு டைமரில் போடுங்கள். எல்லா மீனும் ஒரே நாளில் கருத்து மூலையில் ஒடுங்கினால் மருந்தைத் தேடுவதற்கு முன் அம்மோனியா, நைட்ரைட், வெப்பநிலை மூன்றையும் அளந்துவிட்டுப் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். ஒரே ஒரு மீன் கருத்தால் அது அடிவாங்கும் மீனா நோயாளியா என்று ஒரு நாள் கவனித்து, தின்னவில்லையென்றால் தனித்தொட்டிக்கு மாற்றுங்கள்.

ஆறில் ஒரு ஜோடி சேர்ந்தால் ஸ்வார்ட் இலையைக் கொத்திச் சுத்தம் செய்து முட்டையிடும், மற்ற நான்கையும் ஒரு மூலைக்குத் துரத்தும். செடித்தொட்டியில் குஞ்சு தேறுவது அரிது. கடினமான தண்ணீரில் முட்டை சரியாகக் கருவுறாது, பொரித்தாலும் டெட்ராக்கள் விடாது. குஞ்சுகளின் முதல் உணவு தாய் தகப்பனின் தோலில் சுரக்கும் வழவழப்புதான் என்பதால் முட்டையை மட்டும் எடுத்துத் தனியாகப் பொரிப்பதும் லேசில்லை. குஞ்சு வேண்டுமென்றால் அந்த ஜோடியை மட்டும் 150 லிட்டர் வெறும் தொட்டிக்கு மாற்றி, முட்டையிட ஒரு மண்கூம்பு வைத்து, டிடிஎஸ்ஸைச் சில வாரங்களில் மெதுவாக 100-க்குக் கீழே இறக்குங்கள். வேண்டாமென்றால் முட்டையை அப்படியே விடுங்கள். ஓரிரு நாளில் அவையே தின்றுவிடும், துரத்தலும் அதோடு நிற்கும்.